குடும்பப் பெயர் இல்லாமல் சிங்கப்பூரில் எப்படிச் சமாளிப்பது?

"வேலைக்காக சிங்கப்பூர் வருகிறேன், எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, சீன, மலாய் சக ஊழியர்களிடம் என் பெயரை எப்படி விளக்குவது, அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாமே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆமாம், கூப்பிடுவார்கள். நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன், 2009இல் வந்தேன். ஊரில் க. செந்தில். பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், சர்நேம் கட்டத்தில் அப்பா போய் உட்கார்ந்துவிட்டார். வந்த முதல் மாதமே பல்வலி. மருத்துவமனையில் தாதி ஒருவர் "மிஸ்டர் கலியா... கலியபெரு..." என்று இழுத்து இழுத்துக் கூப்பிடுகிறார், நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது தடவைதான் உறைத்தது. அப்பா திருச்சியைத் தாண்டிப் போனதில்லை, அவர் பெயர் மட்டும் கடல் கடந்து பல் பிடுங்கிக்கொள்ள வந்திருக்கிறது!

மலாய்க்காரர்களிடம் விளக்கமே தேவைப்படாது. அவர்களுக்கும் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, தன் பெயர், அப்புறம் ஆணுக்கு 'பின்', பெண்ணுக்கு 'பிந்தே', அதன்பின் அப்பா பெயர். என் பெயரில் அந்த 'பின்' மட்டும் இல்லை என்றேன். எங்கள் ஃபோர்மன் அன்றிலிருந்து என்னை 'செந்தில் பின் கலியபெருமாள்' என்றுதான் கூப்பிடுகிறார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் பலருக்கு அடையாள அட்டையில் நடுவே 'எஸ்/ஓ', 'டி/ஓ' இருக்கும், இன்னார் மகன், இன்னார் மகள் என்று. மலேசியாவில் அதையே மலாயில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று போடுவார்கள்.

சீனர்களுக்குக் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். லீ குவான் இயூ என்றால் மிஸ்டர் லீ. ஆனால் முன்னாள் அதிபர் ஹலிமா யாக்கோப் மேடம் ஹலிமாதான், யாக்கோப் அவருடைய அப்பா. 2023இல் அதிபரான தர்மன் சண்முகரத்தினத்தை அதிபர் தர்மன் என்கிறார்கள், சண்முகரத்தினம் அப்பா. யாராவது குழம்பினால் இந்த மூன்று பெயரையும் சொல்லிவிடுவேன், ஐந்து நிமிடப் பிரசங்கம் மிச்சம்.

ஆனாலும் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு சீன ஆன்ட்டி விடவில்லை. "அப்போ உன் தாத்தா, அப்பா, நீ, உன் மகன், நாலு பேருக்கும் பின்னால் நாலு பெயர் வருது, ஒரே குடும்பம்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "ஊரில் எல்லாருக்கும் தெரியும் ஆன்ட்டி" என்றேன். யோசித்தால் விஷயமே அதுதான், நம் இனிஷியல் முறை பக்கத்து வீட்டை நம்பி இருக்கிறது, 'யாரு, கலியபெருமாள் மகனா' என்று கேட்க ஆள் இருக்கும்வரை ஒரு எழுத்தே போதும். இங்கே அந்தக் கேள்வியைப் படிவம்தான் கேட்கிறது. ஆன்ட்டி கொஞ்ச நேரம் கழித்துத் தானே சொன்னார், "என் வீட்டுக்காரர் லிம், பிள்ளைங்க லிம், கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு, நான் இன்னும் டான்தான்."

உண்மையில் எனக்குச் சங்கடம் வந்தது வடக்கேயிருந்து வந்த நம் நாட்டு ஆட்களிடம்தான். முழுப் பெயர் சொன்ன பிறகும் "சரி, சர்நேம் என்ன?" என்பார்கள். சிலர் வெறும் பழக்கத்தில் கேட்பது, சிலர் கேட்பது சாதியை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்களே, அந்தக் கதையை லிஃப்டில் நின்று சொல்ல முடியாது. என் தாத்தாவின் நிலப்பத்திரத்தில் இருக்கும் வால் அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் இல்லை. "எங்கள் பக்கம் அதை விட்டுவிட்டோம்" என்று மட்டும் சொல்வேன், பெரும்பாலும் அதற்குமேல் கேட்பதில்லை. (சாதியையே விட்டுவிட்டோம் என்று நான் சொல்லவில்லை, கல்யாணப் பேச்சு எடுத்துப் பாருங்கள் தெரியும்.)

நீங்கள் செய்ய வேண்டியது, முதல் நாளே எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், மின்னஞ்சலின் அடியிலும் அந்தப் பெயரையே போடுங்கள். வாயில் நுழையவில்லை என்று அவர்கள் சுருக்கினால் விடாதீர்கள். என்னை 'சென்' ஆக்கினார்கள், நானும் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டேன், மூன்றே வாரத்தில் ஒரு சப்ளையர் என்னைச் சீனர் என்று நினைத்து முழுக்க மாண்டரினில் மின்னஞ்சல் அனுப்பினார். வங்கி, வாடகை ஒப்பந்தம், சிம் கார்டு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், ஓரிடத்தில் இனிஷியல், ஓரிடத்தில் விரிவு என்று கலந்தால் பிறகு அலைய வேண்டியிருக்கும். மருத்துவமனையில் அப்பா பெயரைக் கூப்பிட்டால் உடனே எழுந்து போய்விடுங்கள், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.