ரெண்டு இஞ்சு பைப்புல ரூட்டு: வெல்டிங் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, 6ஜி டெஸ்டுக்காக (பைப்ப 45 டிகிரி சாய்ச்சு நிறுத்தி, திருப்பாம வெல்டு பண்ற டெஸ்ட்) 2 இஞ்சு ஷெட்யூல் 80 பைப்ல (ஷெட்யூல்ங்கறது சுவர் தடிமன்) பழகிட்டு இருக்கேன். ரூட்டுக்கு, அதாவது இடுக்குக்கு அடியில போடற முதல் பீடுக்கு, 2.5 எம்எம் 6010 ராடு, கீழேருந்து மேல ஓட்டறேன். பெரிய பைப்ல ஓரளவு நல்லாவே வருது, இதுல மட்டும் அடியில உள்பக்கம் குழி விழுது, பக்கவாட்டுக்கு வந்ததும் கீஹோல் (ஆர்க்குக்கு முன்னாடி ரூட்டுல திறக்கற ஓட்டை) பெருசாகி ஊத்திடுது. ஆம்ப்ஸ ஏத்தி இறக்கி பாத்துட்டேன், ஒண்ணும் வேலைக்காகல. எங்க தப்பு பண்றேன்?

பதில்: தம்பி, அந்த ஆம்ப்ஸ் குமிழ கொஞ்ச நாள் தொடாதீங்க. 60லேர்ந்து 75க்குள்ள உங்க மெஷினுக்கு எது சரியா வருதோ அங்க வெச்சுட்டு கைய கவனிங்க. ஒரு சின்ன கணக்கு சொல்றேன். 2 இஞ்சு பைப்போட வெளிவிட்டம் 60.3 எம்எம், அப்ப சுத்தளவு 190 எம்எம்க்கு அரை எம்எம் போல கம்மி. 1 எம்எம் நகர்ந்தா ராடு கிட்டத்தட்ட 2 டிகிரி திரும்பியாகணும். 8 இஞ்சு பைப்ல அதே 1 எம்எம்க்கு அரை டிகிரி போதும். பெரிய பைப்ல பழகின கை என்ன பண்ணும், மணிக்கட்ட திருப்பாம ஒரு 10 எம்எம் நேரா போயிடும், அங்க அஞ்சு டிகிரி தப்பு, யாருக்கும் தெரியாது, இங்க 19 டிகிரி. ஆர்க்கு போகவேண்டிய இடத்துல போகாம ஒரு பக்க விளிம்ப தின்னுடும், ஓட்டை பெருசாகும். நீங்க ஆம்ப்ஸ் ஜாஸ்தின்னு நெனச்சு குறைப்பீங்க, அப்புறம் அடியில ஒட்டாது. இப்படியே சுத்திட்டு இருப்பீங்க.

அதனால மெஷின ஆஃப் பண்ணிட்டு ராட ஹோல்டர்ல மாட்டி 6 மணிலேர்ந்து 12 மணி வரைக்கும் (கடிகாரம் மாதிரி, பைப்போட அடியிலேர்ந்து உச்சி வரை) சும்மா ஒரு பத்து தடவ ஓட்டி பாருங்க. ராடு நுனி எப்பவும் பைப்போட நடு மையத்த பாக்கணும். எங்க முழங்கை உடம்புல இடிக்குதோ, எங்க கழுத்து வளையுதோ, அங்கதான் நிஜத்துலயும் ஊத்தும். நிக்கற இடத்த மாத்துங்க, இன்னொரு கை முழங்கைக்கோ மணிக்கட்டுக்கோ முட்டு குடுக்கட்டும். வெட்கப்படாதீங்க, நல்ல கைகாரங்களும் ஆர்க்கு அடிக்கறதுக்கு முன்னாடி இந்த வெறும் ஓட்டம் ஓட்டுவாங்க.

அடியில குழி விழறதுக்கு காரணம் வேற. 6 மணில உலோகம் உங்க பக்கம்தான் தொங்கும், நீங்களும் பயந்து ராட வெளியவே பிடிச்சிருப்பீங்க. உள்ள தள்ளணும் தம்பி, ஆர்க்கு பைப்புக்குள்ள எரியணும். சரியா போச்சுன்னா காதுலயே தெரியும், வெளிய கேக்கற சடசட சத்தம் மாறி குழாய்க்குள்ளேருந்து புஸ்ஸுனு ஊதற மாதிரி ஒரு சத்தம் வரும். அது நின்னுச்சுன்னா உள்பக்கம் பெனட்ரேஷன் இல்லன்னு அர்த்தம். கீஹோல் ராடு தடிமனவிட லேசா பெருசா இருக்கட்டும். பெருசாகுதுன்னு பட்டா ராட முன்னாடி ஒரு விசுறு விசுறி, உருகின உலோகக் குட்டை கொஞ்சம் உறைஞ்சதும் திரும்ப முன்விளிம்புக்கு வந்து நில்லுங்க. சின்னதாகுதுன்னா விசுற குறைச்சு நின்னு உள்ள அழுத்துங்க.

ஃபிட்டப்ப, அதாவது ரெண்டு பைப்பயும் பொருத்தி வெக்கறத, மறந்துட்டேன் பாருங்க. லேண்ட் (சரிவு வெட்டினப்புறம் நுனில விடற தட்டை விளிம்பு) ஒன்றரைலேர்ந்து 2 எம்எம், கேப் (ரெண்டு பைப்புக்கும் நடுவுல இடைவெளி) 2.5லேர்ந்து 3. ஃப்ளக்ஸ் (ராடு மேல இருக்கற பூச்சு) தட்டின 2.5 ராடு கம்பிய வி மாதிரி வளைச்சு நடுவுல சொருகி டாக் (தற்காலிகமா பிடிச்சு நிறுத்தற சின்ன வெல்டு) போடுங்க, கேப் நாலு பக்கமும் ஒரே மாதிரி வரும். நாலு டாக் போட்டு ஒவ்வொரு டாக்கோட ரெண்டு முனையயும் மெல்லிசு கிரைண்டர் வீல்ல இறகு மாதிரி சரிச்சு விடுங்க, அத விட்டுட்டுத்தான் பாதி பேர் டாக்க தொடற இடத்துல தோத்து போறாங்க. ராட மாத்தி திரும்ப ஆரம்பிக்கற இடத்துக்கும் அதே சரிவுதான், பின்னாடி பழைய பீடு மேல ஆர்க்கு அடிச்சு சூடேத்திக்கிட்டே வந்து ஓட்டைக்குள்ள அழுத்தணும்.

இன்னொண்ணு, இந்த பைப் சின்னது, சூடு எங்கயும் ஓடி ஒளிய இடமில்ல. முதல் பாதி ஓட்டினதுமே கொதிச்சு நிக்கும். அவசரப்படாம ஆற விட்டு அடுத்த பாதிய ஓட்டுங்க. அதே செட்டிங், ஆனா ஊத்தாது, நீங்களே ஆச்சரியப்படுவீங்க.

கேள்வி: என்கிட்ட இருக்கற சின்ன இன்வெர்ட்டர் மெஷின்ல 7018 ராடு வெண்ணெய் மாதிரி ஓடுது, 6010 மட்டும் விசுறும்போதெல்லாம் அணைஞ்சு போகுது. கை கோளாறா மெஷின் கோளாறா?

பதில்: பெரும்பாலும் மெஷின்தான். 6010 மேல இருக்கறது செல்லுலோஸ் ஃப்ளக்ஸ், ஆர்க்க நீட்டினா அதுக்கு நிறைய வோல்ட்டேஜ் வேணும், சின்ன மெஷின் பல அத குடுக்காது. முதல்ல ராடு பாசிட்டிவ்ல இருக்கான்னு பாருங்க, மெஷின்ல ஆர்க் ஃபோர்ஸ் குமிழ் இருந்தா ஏத்துங்க, விசுற குட்டையாக்குங்க. அப்பவும் அணைஞ்சா பழகறதுக்கு 6011 வாங்கிக்கோங்க, அது ஏசிலயும் ஓடும். டெஸ்டுக்கு மட்டும் டபிள்யூபிஎஸ்ல (வெல்டிங் முறைய எழுதி குடுக்கற தாள்) எந்த ராடு போட்டிருக்கோ அதுதான், அதுல சொந்த யோசனை வேணாம்.

கேள்வி: ரூட்டுக்கு ரெண்டு ஓரத்துலயும் ஸ்லாக் (ஃப்ளக்ஸ் உருகி உறையற கசடு) கோடு நிக்குது, பிரஷ் போட்டும் போகல. ஹாட் பாஸ்ல (ரூட்டுக்கு மேல போடற ரெண்டாவது பீடு) எரிச்சுடலாம்னு சொல்றாங்க, சரியா?

பதில்: பாதி சரி. பீடு நடுவுல மேடா இருந்தாதான் ஓரத்துல பள்ளம் விழுந்து ஸ்லாக் ஒளியும். வீல் போட்டு அந்த மேட்ட தட்டையாக்குங்க, ஆனா ரூட்டு மெல்லிசு, ஒரேயடியா அறுத்துடாதீங்க. மிச்சம் இருக்கறத கொஞ்சம் சூடா வெச்ச ஹாட் பாஸ் எரிச்சு எடுத்துடும்.

கேள்வி: எல்லா ராடையும் ஒரே அவன்ல (ராடு காய வெக்கற சூட்டுப் பெட்டி) வெச்சு காய வெச்சேன், இப்ப 6010 கரகரன்னு எரியுது, ஏன்?

பதில்: 7018க்குத்தான் அவன். 6010 ஃப்ளக்ஸ்ல கொஞ்சம் ஈரம் இருந்தே ஆகணும், அத காய வெச்சா ஆர்க்குக்கு இருக்கற வேகமே போயிடும். அந்த கட்ட பழைய தகரத்துல பழக வெச்சுட்டு, டெஸ்டுக்கு புது டப்பாவ பிரிங்க.