விலை ஏறியும் நஷ்டமா?

கேள்வி: ஐயா, என் மகன் ஒரு செம்பனை ஆலை ஆபீஸில் வேலை செய்கிறான். எண்ணெய் விலை நன்றாக ஏறியிருந்த நேரத்தில், ‘ஹெட்ஜிங்கில் கம்பெனிக்கு நஷ்டம்’ என்று வீட்டில் வந்து சொன்னான். விலை ஏறினால் லாபம்தானே வரவேண்டும்? யாராவது கம்பெனிப் பணத்தை வைத்துச் சூதாடிவிட்டார்களா?
– ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, தெலுக் இந்தான்

பதில்: அந்த ஒரு வார்த்தையை வைத்துச் சூதாட்டம் என்று சொல்லிவிட முடியாது அண்ணே. பாதிக் கணக்கைத்தான் மகன் பார்த்திருக்கிறார், மீதிப் பாதியையும் சேர்த்துப் பார்ப்போம்.

மூன்று மாதம் கழித்து விற்கப்போகும் எண்ணெய்க்கு இன்றைக்கே ஒரு விலையைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் ஹெட்ஜிங். நம் நாட்டில் செம்பனை எண்ணெய்க்கு இந்த முன்பேர (பியூச்சர்ஸ்) வியாபாரம் 1980-லிருந்து நடக்கிறது, இப்போது பூர்சா மலேசியாவின் டெரிவேட்டிவ்ஸ் சந்தையில். ஓர் ஒப்பந்தம் என்றால் 25 டன். உங்கள் ஆலை டன் 4,000 வெள்ளிக்கு ஓர் ஒப்பந்தம் விற்று வைத்திருக்கிறது, மூன்று மாதத்தில் விலை 4,500 ஆகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயைக் கொடுக்காமல் விலை வித்தியாசத்தை மட்டும் கட்டி ஒப்பந்தத்தை முடித்தால், டன்னுக்கு 500 வீதம் 12,500 வெள்ளி போய்விடும், மகன் பார்த்த நஷ்டம் இதுதான். ஆனால் டேங்கில் இருக்கும் எண்ணெயை அதே ஆலை வெளியே 4,500-க்கு விற்கிறதே, அங்கே அந்த 12,500 திரும்பி வந்துவிடுகிறது, ஆகக் கையில் நிற்பது டன்னுக்கு ஏறக்குறைய 4,000. விலை 3,400-க்கு விழுந்திருந்தாலும் அதே 4,000-தான் நின்றிருக்கும். ஏறும்போது வரும் கூடுதலை விட்டுக்கொடுத்து, இறங்கும்போது அடிபடாமல் இருக்கிறார்கள்.

இது எதற்கு என்றால், நம் எண்ணெய் விலை அப்படி ஆடும் விலை. 2008 மார்ச்சில் 4,000-ஐத் தாண்டிப் போனது, அதே வருஷம் அக்டோபரில் 1,500-க்கும் கீழே வந்துவிட்டது. 2022-லும் 7,000-க்கு மேல் ஏறி, சில மாதத்தில் பாதியாக இறங்கியது. உரம், டீசல், சம்பளம் எதுவும் அந்த வேகத்தில் இறங்குவதில்லை. தீபாவளிக்கு முந்திய மாதம் விலை விழுந்தால் அந்த அடி முதலில் எங்கே இறங்கும் என்று லயத்தில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்கைச் சரியாக வைத்திருக்கிற கம்பெனி ஹெட்ஜிங் செய்யத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, ஆபத்தே இல்லையா? இருக்கிறது, இரண்டு இடத்தில். ஒப்பந்தத்தின் நஷ்டத்தைச் சந்தை அன்றாடம் கணக்குப் பார்த்து ரொக்கமாகக் கேட்கும், எண்ணெயோ இன்னும் மரத்தில் குலையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். விலை மளமளவென்று ஏறும் நாட்களில் நல்ல கம்பெனிக்கும் கைப்பணம் இறுகிவிடும். அடுத்தது, 1,000 டன் எடுக்கிற ஆலை 3,000 டன்னுக்கு ஒப்பந்தம் விற்றால் மிச்ச 2,000 டன்னுக்குப் பின்னால் எண்ணெய் கிடையாது. அதுதான் நீங்கள் பயப்படுகிற சூதாட்டம். 1995-இல் இரு நூற்றாண்டுக்கு மேல் பழைமையான பேரிங்ஸ் வங்கி விழுந்ததும் இப்படித்தான், சிங்கப்பூர்க் கிளையில் ஓர் ஊழியர் மேலிடத்துக்கு மறைத்து ஜப்பான் பங்குக் குறியீட்டில் கட்டிய பேரத்தால். எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு ஒப்பந்தம் என்று மகனைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பதில் அதில் இருக்கிறது.

கேள்வி: டாலருக்கும் இப்படிச் செய்யலாமா? நாங்கள் உரம் இறக்குமதி செய்கிறோம்.
– உரக்கடைக்காரர்

பதில்: தாராளமாக, ஆனால் சந்தைக்குப் போக வேண்டாம். மூன்று மாதத்தில் இத்தனை டாலர் கட்டவேண்டும் என்று பில்லைக் காட்டினால் வங்கியே இன்றைக்கு ஒரு விலை சொல்லி ஒப்பந்தம் போட்டுக்கொடுக்கும். 1998-லிருந்து 2005 ஜூலை வரை டாலர் 3.80 வெள்ளி என்று அரசாங்கமே கட்டி வைத்திருந்ததால் யாருக்கும் இந்தக் கவலை இல்லை. அப்புறம்தான் எல்லாரும் படித்துக்கொண்டார்கள்.

கேள்வி: சார், கணவர் விட்டுப்போன 10 ஏக்கர் செம்பனை இருக்கிறது. கடைவீதியில் ஒருவர், ‘பியூச்சர்ஸ் கணக்குத் திறந்து விடுகிறேன், உங்கள் பழத்துக்குப் பாதுகாப்பு’ என்கிறார். போடலாமா?
– ஓர் அம்மா, தெலுக் இந்தான் பக்கம்

பதில்: போடாதீர்கள் அம்மா. 10 ஏக்கரில் வருஷத்துக்கு 70 டன் பழம் வெட்டுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 20 பங்கு எண்ணெய் என்றால் 14 டன். ஓர் ஒப்பந்தமே 25 டன் ஆயிற்றே! உங்கள் ஒரு வருஷப் பழம் முழுவதையும் சேர்த்தாலும் ஒரு ஒப்பந்தத்துக்கு எட்டாது, மிச்ச 11 டன்னுக்கு நீங்கள் வெறும் பேரம்தான் கட்டுகிறீர்கள். விலை டன்னுக்கு 200 ஏறினால் 5,000 வெள்ளியை உடனே எடுத்து வை என்பார்கள்.

உங்களுக்குப் பாதுகாப்பு எடைச்சீட்டில் இருக்கிறது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் ஒவ்வொரு வட்டாரத்துக்கும், ஒரு டன் பழத்தில் இருக்கும் ஒவ்வொரு 1 விழுக்காட்டு எண்ணெய்க்கும் என்ன விலை என்று தினமும் வெளியிடுகிறது. அது 40 வெள்ளி, உங்கள் பழத்துக்கு 20 விழுக்காடு என்று போட்டால் டன் 800. லோரி கூலி, கழிவு என்று பழம் எடுக்கிற இடத்தில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று ஒவ்வொரு சீட்டிலும் பென்சிலால் எழுதி வையுங்கள். டன்னுக்குப் பத்து வெள்ளி கூடுதலாகப் பிடித்தாலே 70 டன்னுக்கு 700 வெள்ளி.