வெள்ளை எண் ரோஸ் ஆனது ஏன்? பிரிண்டிங் கேள்வி-பதில்

கேள்வி: சிவப்பு பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எண் அடித்தோம். மெஷினிலிருந்து வரும்போது பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் பெட்டியைப் பிரித்தால் பாதிக்கு மேல் ரோஸ். இங்க் சரியில்லையா அண்ணா? (பிரிண்டிங் பட்டறை, திருப்பூர்)

பதில்: இங்க்கைக் குறை சொல்லும் முன் துணியைப் பார்க்க வேண்டும். பாலியஸ்டருக்குப் போடுவது டிஸ்பர்ஸ் சாயம். 130 டிகிரியில் அழுத்தம் கொடுத்து இழைக்குள் ஏற்றுகிறார்கள். ஆறியதும் அது உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கிறதே தவிர, இழையோடு வேதிப் பிணைப்பு எதுவும் கிடையாது. மறுபடி அதே அளவு சூடு பட்டால் கற்பூரம்போல நேராக ஆவியாகி வெளியே கிளம்பும். மேலே நாம் அடித்த பிளாஸ்டிசால், அதாவது பிளாஸ்டிக் இங்க், இருக்கிறது. அதை இளக்கமாக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெயில் இந்தச் சாயம் நன்றாகவே கரையும். நாமோ இங்க்கை வேகவைக்கும் கியூரிங்கில் 160 டிகிரி வைக்கிறோம். அப்புறம் எப்படி வெள்ளை வெள்ளையாக நிற்கும்?

மூன்று நாள் தள்ளி வந்ததற்குப் பெரும்பாலும் அடுக்கிய விதம்தான் காரணம். என் பட்டறையில் ஒரு மெரூன் லாட் முழுக்க இப்படிப் போயிருக்கிறது. அடுக்கைப் பிரித்தபோது மேலே இருந்த நாலைந்து பீஸ் வெள்ளையாகவே இருந்தன. நடுவில் இருந்தவைதான் ரோஸ். கியூரிங் மெஷினின் கன்வேயரிலிருந்து விழுந்த சூட்டோடு அடுக்கினால் நடுப் பீஸ்கள் மணிக்கணக்கில் வெந்துகொண்டே இருக்கும். அன்றிலிருந்து கன்வேயர் முனையில் ஒரு பெரிய ஃபேன் ஓடுகிறது. கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும் பீஸைத்தான் அடுக்க விடுகிறேன்.

இங்க்கில் செய்ய வேண்டியது: பாலியஸ்டருக்கென்று வரும், சாயம் ஏறுவதைக் குறைக்கும் லோ-பிளீட் வெள்ளை, அதிலும் 130 டிகிரியை ஒட்டிக் கியூர் ஆகும் ரகம். சிவப்பும் மெரூனும் ரொம்பப் பொல்லாதவை. அவற்றுக்கு வெள்ளைக்கு அடியில் கார்பன் கலந்த சாம்பல் அல்லது கறுப்பு பிளாக்கர் ஒரு கோட் அடித்துவிடுங்கள். மேலேறும் சாயத்தை அந்தக் கார்பன் பிடித்துக்கொள்ளும். ஊசித் துளை அளவு இடைவெளி இருந்தாலும் அங்கே ரோஸ் புள்ளி எட்டிப்பார்க்கும், அதனால் கோட் முழுசாக மூட வேண்டும். சாம்பல் ஓரத்தில் தெரியாமலிருக்க அதன் ஃபிலிமை வெள்ளையைவிட ஒரு மயிரிழை சின்னதாக எடுங்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே லேசாகக் காயவைக்கும் ஃப்ளாஷையும் தொட்டால் கையில் ஒட்டாத அளவோடு நிறுத்துங்கள், அதுவும் சூடுதான்.

ரோஸ் ஆகிவிட்ட பீஸைக் காப்பாற்ற வழி இல்லை. மேலே இன்னொரு வெள்ளை அடித்தால் மறுபடி சூட்டுக்குள் அனுப்புகிறோம், மறுபடி ஏறும்.

கேள்வி: அதற்குப் பயந்து சூட்டை 140-க்குக் குறைத்தோம். நிறம் ஏறவில்லை, ஆனால் இரண்டு துவையலில் பிரிண்ட் வெடித்துவிட்டது. (ஈரோடு)

பதில்: 160 டிகிரிக்கான இங்க் 140-இல் வேகாது. மேல்தோல் காய்ந்தமாதிரி இருக்கும், அடி பச்சையாகவே நிற்கும். சூட்டைக் குறைக்க வேண்டுமானால் இங்க்கையே மாற்ற வேண்டும். பழைய இங்க் ஒட்டிய ஸ்க்ரீன், இங்க் இழுக்கும் ஸ்குயீஜி இவற்றோடு, குறைந்த சூட்டில் வேகும் லோ-கியூர் இங்க்கைப் போடாதீர்கள். சாதா இங்க் கலந்தால் கலவையும் அந்தச் சூட்டுக்குப் போனால்தான் வேகும்.

இன்னொன்று, மெஷின் டயல் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். லேசர் துப்பாக்கியும் மேற்பரப்பை மட்டும்தான் சொல்லும். சூடு காட்டும் பட்டையைப் பீஸில் ஒட்டி உள்ளே அனுப்பிப் பாருங்கள். 160 என்று நினைத்து 180-இல் ஓட்டுகிற மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே என்ன இங்க் வாங்கினாலும் சாயம் ஏறத்தான் செய்யும்.

கேள்வி: சப்ளிமேஷனில் (சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றும் முறை) அடித்த காமோ (ராணுவ உடை டிசைன்) துணி மேல் வெள்ளை லோகோ வேண்டுமாம். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: பிளாக்கர் இல்லாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் துணியின் சாயமே சூட்டில் ஆவியாவதற்கென்று தேர்ந்தெடுத்தது. லோகோ சின்னதாக இருந்தால் எம்பிராய்டரி செய்யச் சொல்லிவிடுவேன்.

கேள்வி: வீட்டிலேயே மெரூன் காட்டன் டி-ஷர்ட்டில் வெள்ளை பிக்மென்ட் பிரிண்ட் செய்கிறேன். துவைத்ததும் பிரிண்டில் சிவப்பு படிகிறது. துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்குமா ஐயா? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: நிற்காதம்மா. சாயத் தொட்டியில் உப்புப் போடுவது சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதற்கு. போட்டு முடிந்த சாயத்தை உப்போ வினிகரோ இறுக்கிப் பிடிக்காது.

உங்கள் பிரச்சினை பாலியஸ்டர் பிரச்சினையே இல்லை. காட்டனுக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் நூலோடு நிஜமாகவே பிணைகிறது, 160 டிகிரிக்கெல்லாம் அசையாது. ஆனால் கொஞ்சம் சாயம் நூலோடு சேராமல் தண்ணீரோடு சேர்ந்து வீணாகி, துணியில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கொதிக்கக் கொதிக்க சோப்பிங் கொடுத்து அலசி எடுக்க வேண்டும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். இன்றைக்குக் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது. நொய்யல் ஆற்றுக்கு அது அவசியமான நல்ல காரியம். அதே சமயம் ஒவ்வொரு அலசலுக்கும் சுத்திகரிப்புச் செலவு ஏறுவதால், ஓர் அலசலைக் குறைத்துவிடலாமா என்ற ஆசை சிலருக்கு வருகிறது. அதன் பலன் உங்கள் டி-ஷர்ட்டில் தெரிகிறது.

நனைத்த வெள்ளைத் துணியால் உள்மடிப்பில் பத்து முறை தேயுங்கள். நிறம் ஒட்டினால் பிரிண்ட் செய்யும் முன்பே நல்ல சூடான தண்ணீரில் சோப்புப் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். துணி சுருங்குவதாக இருந்தாலும் அப்போதே சுருங்கிவிடும். நாலு அலசலுக்கும் தெளியவில்லை என்றால் அந்தக் கடையில் துணி வாங்குவதை நிறுத்துங்கள்.

கேள்வி: ஆலிவ் காட்டன் பீஸ்களை அடுக்கி வைத்தோம். கீழ்ப் பீஸின் பிரிண்ட் வடிவம் மேல் பீஸின் முதுகில் வெளுத்த நிழலாக விழுந்திருக்கிறது.

பதில்: காட்டனுக்கு லோ-பிளீட் வெள்ளை போட்டீர்களா? அதில் சேர்க்கும் சில பொருள்கள் சூட்டில் சாயத்தை வெளுக்கவைக்கும். சூடும் ஈரமும் சேர்ந்து அடுக்குக்குள் மாட்டினால் இந்த நிழல் விழும். காட்டனுக்குச் சாதாரண காட்டன் வெள்ளையே போதும். ரியாக்டிவ் சாயமாக இருந்தால், துணியின் சாயத்தையே வெளுத்து எடுக்கும் டிஸ்சார்ஜ் பிரிண்டும் பெரும்பாலும் அழகாக வரும், ஆனால் ஃபார்மால்டிஹைடு வாடை வரும் என்பதால் காற்றோட்டம் நன்றாக இருக்கும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். குழந்தை உடுப்புக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: லாட் ஓட்டும் முன்பே சாயம் ஏறுமா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. அதே லாட்டின் கட்டிங் பிட்டில் அடித்துக் கியூர் செய்து இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியை ஃபேனில் ஆறவிடுங்கள். இன்னொன்றைச் சூடாக வரும் துணி அடுக்கின் நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் வெயில் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பெரிய ஆர்டர் என்றால் லேபில் ISO 105-P01, அதாவது உலர் சூட்டுக்கான சோதனை, செய்யச் சொல்லுங்கள்.

ஒரு லாட் தேறியது என்று அடுத்ததைச் சோதிக்காமல் விட்டுவிடாதீர்கள். ஒரே சிவப்பை வேறு வேறு சாயங்கள் கலந்தும் கொண்டுவரலாம், கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். லாட் எண்ணை அந்தப் பிட்டிலேயே எழுதி ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள். பார்ட்டி பிறகு புகார் சொல்லி வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்ப்பீர்கள்.