வாசகர் கேள்வி பதில்: மேடைக்கு முன்னாலா, சவுண்ட் மேசைக்குப் பக்கத்திலா?

கேள்வி: எழுபது வயது தாண்டிய ராக் பாடகர் ஒருவர் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பாடப்போகிறார். மேடைக்கு முன்னால் நிற்கும் ரிக்கெற், பின்பகுதியைவிட மூன்று மடங்கு விலை. அவ்வளவு காசு கொடுக்கலாமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: ஆளைக் கிட்டத்தில் பார்க்கத்தான் ஆசையென்றால் கொடுங்கள். பாட்டுக் கேட்கவென்றால் வேண்டாம். பெரிய ஸ்பீக்கர்கள் மேடையின் இரு பக்கமும் உயரத்தில் தொங்கும். அவை நடு மைதானத்தைப் பார்த்தபடி சரித்துக் கட்டப்பட்டிருக்கும். மேடைக்குக் கீழே நிற்பவருக்கு அந்தச் சத்தம் தலைக்கு மேலால் போய்விடும். ட்ரம்ஸ் அடியும், கிற்றாரின் சத்தத்தைக் கூட்டும் அம்ப் பெட்டியும், நிலத்தில் வைத்த பேஸ் (தாழ்ந்த கனத்த ஒலி) ஸ்பீக்கரின் அதிர்வும்தான் முன்னுக்கு வரும்; பாடகரின் சொற்கள் அதற்குள் அமுங்கும். மேடை ஆளுயரம் இருந்தால் கழுத்தும் நோகும்.

ரிக்கெற் வாங்க முன் வரைபடத்தில் சவுண்ட் மேசை எந்தப் பகுதிக்குள் வருகிறதென்று தேடுங்கள். மேடைக்கு நேரெதிரே, பெரும்பாலும் 25 முதல் 40 மீற்றர் தள்ளி அந்த மேசைக்கான கூடாரம் இருக்கும். உள்ளே இருப்பவர் தன் காதில் விழுவதை வைத்தே எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார். ஆகவே அவருக்குச் சரியாகக் கேட்பது உங்களுக்கும் சரியாகக் கேட்கும். கூடாரத்துக்கு நாலைந்து மீற்றர் முன்னால், நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகி நில்லுங்கள். நட்ட நடுவில் இரு பக்க பேஸும் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சை அடிக்கும். கூடாரத்துக்குப் பின்னால் போனால் மேடை மறைந்துவிடும். நூறு மீற்றருக்கு அப்பால் நின்றால், திரையில் வாய் அசைந்து கிட்டத்தட்ட 0.3 செக்கனுக்குப் பிறகுதான் குரல் வரும். ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும்.

மேடைக்கு முன்னால்தான் நிற்பதென்றால் நெரிசலையும் யோசியுங்கள். 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் நம் முற்றவெளியில் நடந்த இசை நிகழ்ச்சியில் சனம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு வந்தது பலருக்கு நினைவிருக்கும். தள்ளு தொடங்கினால் இரு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்திருங்கள். எதிர்த்துத் தள்ளாமல், அலை ஓய்கிற நேரம் பார்த்துச் சரிவாக ஓரத்துக்கு நகருங்கள். கைபேசி விழுந்தால் விழட்டும், குனியாதீர்கள்.

கேள்வி: சென்னை நிகழ்ச்சிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அன்றே போய் அன்றே திரும்பலாமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: முடியாது, முயலவும் வேண்டாம். பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறக்கிற நேரம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம்தான். ஆனால் ஓடுவது எழுபதுக்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட சிறிய ஏ.ரி.ஆர். விமானங்கள். ஒரு சேவை தடைப்பட்டால் அன்றைக்கு வேறு வழி கிடைப்பது அரிது. முதல்நாளே போய்விடுங்கள். காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பல் கடல் கொந்தளிப்பில் நிற்கும். இறங்கியபின் சென்னைக்கு 300 கிலோமீற்றர் தரைப் பயணமும் உண்டு. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை கப்பலை நம்ப வேண்டாம்.

விசா கைக்கு வந்தபின் ரிக்கெற் வாங்குங்கள். நிகழ்ச்சி ரிக்கெற்றுக்குப் பெரும்பாலும் காசு திருப்பித் தரமாட்டார்கள். சென்னை விமான நிலையத்தில் மெற்ரோ ஏறினால் அதே நீல வழித்தடத்தில் நந்தனம் வரும், மாறத் தேவையில்லை. இந்தியாவில் இரவு 10 மணிக்குப் பிறகு திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாதென்பது 2000ஆம் ஆண்டு விதி. அதனால் நிகழ்ச்சி மாலையிலேயே தொடங்கிவிடும். பிந்திப்போனால் நல்ல பாட்டுகள் போய்விடும்.

கேள்வி: பத்து வயது மகனையும் கூட்டிப்போகிறோம். காதுக்கு ஆபத்தா?
– வாசகி, நெல்லியடி

பதில்: பாதுகாப்பில்லாமல் போனால் ஆபத்துத்தான். சத்தத்தை டெசிபெல் என்ற அலகில் அளப்பார்கள்; 85 டெசிபெல் ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் மிஞ்சுவது 15 நிமிடம். ராக் மேடைக்கு முன்னால் அந்த அளவு சாதாரணம். நிகழ்ச்சியோ இரண்டு மணித்தியாலம்.

மகனுக்குக் காதை முழுக்க மூடும் கவசம் வாங்குங்கள். பெரியவர்களுக்கு பாமசியில் விற்கும் நுரைப்பஞ்சு (ஃபோம்) காது அடைப்பான் போதும். ஆனால் பலர் அதைச் சும்மா காது வாசலில் செருகிவிட்டு உதவவில்லை என்கிறார்கள். விரல்களுக்கிடையில் மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல் நுனியை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே செருகுங்கள். அது விரியும்வரை 30 செக்கன் விரலால் அழுத்திப் பிடியுங்கள். உங்கள் சொந்தக் குரல் பானைக்குள் பேசுவதுபோல் கேட்டால் சரியாக இருக்கிறது. பாட்டின் கூர்மை கொஞ்சம் மங்கும். அது பிடிக்காதவர்கள் இசைக்கலைஞர்கள் பாவிக்கும் வடிகட்டி வைத்த அடைப்பானைத் தேடலாம், விலை கூட.

கேள்வி: வயதான ராக் பாடகர்கள் மேடையில் பாடும்போது பதிவில் கேட்ட சுருதி இல்லையே. ஏமாற்றா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: ஏமாற்றில்லை. வயதாக ஆகக் குரல்நாண் தசை மெலியும், மூச்சும் குறையும், உச்ச ஸ்தாயி முதலில் போகும். ஆகவே குழு முழுவதும் சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கி வைக்கும். கிற்றார் நரம்புகளையே தளர்த்திக் கட்டுவார்கள். பாட்டு கொஞ்சம் கனத்துக் கேட்கும். அது சில பாட்டுகளுக்கு நன்றாகவே பொருந்தும். பல்லவியின் உச்சத்தில் மைக்கைச் சனத்தை நோக்கி நீட்டினால், அந்த இடம் அவருக்கு எட்டாததாகவும் இருக்கலாம். இடையில் வரும் நீண்ட ட்ரம்ஸ் தனி வாசிப்பும் அவர் தண்ணீர் குடிக்கிற நேரம்தான். ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் பாடகர் மிக் ஜாகர் 2024இல் தன் 80ஆவது வயதில் அரங்கு அரங்காகப் பாடினார். அமெரிக்க ராக் பாடகர் ஜோன் பொன் ஜோவிக்கு 2022இல் குரல்நாணில் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டி வந்தது. ஆளுக்காள் மாறும்.

கேள்வி: கைபேசியில் பதிவு செய்தால் சத்தம் ஏன் கரகரக்கிறது?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: பேஸ் அதிர்வு மைக்கின் தாங்குசக்திக்கு மேலே போவதால். பேஸ் ஸ்பீக்கருக்கு நேரே நிற்காமல், மேடையிலிருந்து தள்ளி நின்று எடுத்தால் ஓரளவு குறையும். ஒரு பாட்டு எடுத்தால் போதும். பின்னால் நிற்பவரும் மேடையைப் பார்க்கத்தான் காசு கொடுத்திருக்கிறார்.