கார்லும் காரலும்

அன்புள்ள ஐயா,

நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். மனைவி ஜெர்மன்காரர். அடுத்த மாதம் எங்களுக்கு ஆண் குழந்தை பிறக்கப் போகிறது. அவளுடைய தாத்தாவின் பெயரான கார்ல் என்பதையே வைக்கலாம் என்கிறாள். இணையத்தில் தேடினேன், ‘வெறும் ஆண், சாதாரண ஆள்’ என்றுதான் பொருள் போட்டிருக்கிறது. ஏமாற்றமாக இருந்தது. ஊரில் அம்மா கூட்டு எண் சரியில்லை என்கிறார். இங்கே நண்பர்கள் கிழவன் பெயர் என்று சிரிக்கிறார்கள். ‘கே’ போடுவதா ‘சி’ போடுவதா என்றும் குழப்பம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் வாழ்த்துகள். அடுத்து, அந்த ‘வெறும்’ என்ற சொல்லுக்காக உங்கள் காதைத் திருக வேண்டும் போலிருக்கிறது.

பழைய ஜெர்மானிய மொழிகளில் கார்ல் என்றால் ஆண், கணவன், யாருக்கும் அடிமையில்லாத குடியானவன். ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழியான நார்ஸில் உள்ள பாடல் ஒன்றில் மூன்று பிள்ளைகள் வருகிறார்கள். ஒருவன் அடிமை, ஒருவன் பிரபு. நடுவில் இருப்பவன் பெயர் கார்ல். அவன் காளையைப் பழக்குகிறான், ஏர் செய்கிறான், வீடு கட்டுகிறான். குடியானவர் வீட்டுப் பிள்ளை நீங்கள், இதிலா ஏமாற்றம்?

இனிமேல்தான் வேடிக்கை. இதே சொல் இங்கிலாந்தில் வழிவழியாகச் சரிந்து, ‘சர்ல்’ என்று பண்பில்லாத முரடனைத் திட்டும் சொல்லாகிவிட்டது. கிழக்கே போனதோ அரியணை ஏறியது. பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் அரசன் கார்ல், நாம் பள்ளியில் சார்லமேன் என்று படித்தவர், 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ரோமில் போப் மூன்றாம் லியோ கையால் பேரரசராக முடிசூடினார். பக்கத்திலிருந்த ஸ்லாவ் மக்களுக்கு ராஜா என்றாலே அவர்தான். அவர் பெயரே அவர்கள் மொழியில் அரசன் என்ற சொல்லாகிவிட்டது என்பார்கள் மொழியியலாளர்கள். போலந்தில் க்ருல், செக்கில் க்ரால், ரஷ்யாவில் கரோல், அவர்களிடமிருந்து கடன் வாங்கிய ஹங்கேரியில் கிராய். குடியானவன் என்ற சொல் ஒரு பக்கம் வசவு, இன்னொரு பக்கம் மகாராஜா! நம்முடைய கோன் என்ற சொல்லும் அரசனுக்கும் ஆயனுக்கும் பொதுவாகத்தானே நிற்கிறது? இதில் எந்த அர்த்தத்தை ஐயா உங்கள் இணையப் பட்டியல் ஒரே வரியில் சொல்லிவிடும்? பட்டியலைப் பார்த்துப் பெயர் வைப்பது ஜவுளிக்கடையில் விலைச்சீட்டை மட்டும் பார்த்துச் சேலை எடுப்பது மாதிரி.

நான் கடற்கரை ஊர்க்காரன். பள்ளியில் என்னோடு படித்த ஒருவனுக்கு அவன் அப்பா, உப்பளத் தொழிலாளி, கார்ல் மார்க்ஸின் பெயரை வைத்திருந்தார். பதிவேட்டில் அது ‘காரல் மார்க்ஸ்’ ஆகிவிட்டது. எங்கள் ஊரில் காரல் என்றால் மீன். காரப்பொடி என்பார்களே, வெள்ளி மாதிரி மின்னும், முள்ளே பாதி. விடுவோமா? ‘காரல் கிலோ என்ன விலை’ என்று தினமும் கேட்டோம். நானும்தான் கேட்டேன். ஒருநாள் வாத்தியார், “உன் பேருக்கு என்னடா அர்த்தம்?” என்று கேட்க, அவன் விழித்தான். வீட்டுக்குப் போய் அப்பாவைக் கேட்டிருக்கிறான். “தாடி வச்ச ஒரு தாத்தான்னு சொல்லு” என்றாராம். மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று அப்படியே சொன்னான். அந்த அதட்டலான குரல் இன்றும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் நான் மீன் விலை கேட்கவில்லை.

பல வருஷம் கழித்துத்தான் ஒன்று தெரிந்தது. பழைய உயர்ஜெர்மன் மொழியில் இந்தச் சொல் ‘கரல்’ என்றும் வழங்கியிருக்கிறது. ‘ர்’-க்கும் ‘ல்’-க்கும் நடுவே ஓர் உயிரெழுத்து, ஏறக்குறைய நம்ம ஊர்ப் பதிவேட்டில் இருந்த மாதிரியே. பிழை என்று நாங்கள் சிரித்தது ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய உச்சரிப்புக்குத்தான் பக்கத்தில் இருந்திருக்கிறது. அவனைத் தேடிப்பிடித்து இதைச் சொன்னேன். “இப்ப வந்து சொல்றியாக்கும்” என்றான்.

சரி, உங்கள் மற்ற கேள்விகள். கிழவன் பெயர் என்பது பழைய கதை. 1900 வாக்கில் ஜெர்மனியில் தெருவுக்கு நாலு கார்ல்கள் இருந்தார்கள், போருக்குப் பின் பெயர் ஓய்ந்துபோனது, இப்போது கொள்ளுப்பேரன்களிடம் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ‘கே’யா ‘சி’யா என்பதை உங்கள் மனைவியிடம் விடுங்கள், அவருடைய தாத்தா.

கூட்டு எண்ணா? ஸ்வீடனின் இப்போதைய மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ். அதில் முதல் ஆறு கார்ல்கள் இருந்ததே கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் ஒருவர் எழுதிய கற்பனை வரலாற்றை நம்பி, ஒரு கார்ல் தன்னை ஒன்பதாமவர் என்று எண்ணிக்கொண்டார், கணக்கு அப்படியே தொடர்கிறது. எண்ணைப் பற்றி இதற்கு மேல் நான் பேசமாட்டேன்.

அம்மாவிடம் மட்டும் கோபப்படாதீர்கள். 1856இல் லைப்சிக்கில் திருக்குறளை ஜெர்மன் மொழியில் வெளியிட்ட பாதிரியார் பெயர் கார்ல் கிரவுல், தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் படித்தவர் என்று சொல்லுங்கள். கொஞ்சம் இறங்கி வருவார்.

குழந்தை பிறந்ததும் ஒரு வரி எழுதுங்கள். அம்மா அவனை ‘கார்லு’ என்று கூப்பிடுகிறாரா, ‘காரலு’ என்றா? என் நண்பனுக்குச் சொல்ல வேண்டும்.