கட்டுரை டீச்சரிடம் கேளுங்கள் – சுங்கை சிப்புட், மலேசியா

ஆண்டு 5 மாணவனின் அம்மா: டீச்சர், மகன் ‘நான் ஒரு மிதிவண்டி’ தன்கதையை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். தலைப்பு மாறினால் பேந்தப் பேந்த விழிக்கிறான்.

தொழிற்சாலையில் பிறந்து, கடையில் விலைபோய், கடைசியில் குப்பைமேட்டில் கிடந்து அழுமே, அந்த மிதிவண்டிதானே? எல்லாப் பிள்ளைகளின் மிதிவண்டியும் அங்கேதான் அழுகிறது! மனப்பாடத்தை விட்டுவிட்டு அவனிடம் கேள்வி கேளுங்கம்மா.

என் வகுப்புப் பையன் ஒருவன், பால்மரம் வெட்டிய (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த) பாட்டியைப் பற்றி ‘அதிகாலையில் எழுந்து கடுமையாக உழைப்பார்’ என்று எழுதினான். ஏன் அதிகாலை என்றேன். பாட்டியிடமே போய்க் கேட்டு வந்தான். மறுபடி எழுதியது இது: ‘வெயில் ஏறினால் பால் சரியாக ஓடாது. அதனால் பாட்டி நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்டப் போவார். பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் உறைந்த ஒட்டுப்பாலைச் சாக்கில் போடுவார். குளித்தாலும் அந்த வாடை போகாது.’ இதில் என் சொல் ஒன்றும் இல்லை. வீட்டில் நடப்பதையும் கட்டுரையில் எழுதலாம் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. அதைத் தெரியவைப்பதுதான் என் பாடம். இலக்கணம் பிறகு வரும்.

புதிய ஆசிரியை: அப்படியானால் பிழை திருத்த வேண்டாமா?

திருத்துங்கள், ஒரு வாரத்துக்கு ஒரு வகை. இந்த வாரம் லகர, ளகர, ழகரம். அடுத்த வாரம் வல்லினம் மிகும் இடம். தாள் முழுக்கச் சிவப்பு மை கண்டால் பிள்ளை படிக்காமல் மூடி வைத்துவிடும்.

ஒரு தாத்தா: ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். இனி யார் எழுதுவார்கள்?

தேர்வு போனதில் எனக்கு வருத்தமில்லை, ஐயா. தேர்வுக்கென்று உருப்போட்ட முன்னுரைகள் இன்னும் போகவில்லையே!

படிவம் 5 மாணவன்: மேடையில் பேச்சு மறந்துபோகிறது, டீச்சர்.

முழுப் பேச்சையும் நெட்டுருப் போடாதே, தம்பி. முதலில் சாலையோர ஒட்டுக்கடையில் நண்பனிடம் சொல்லிப் பார். ‘அப்புறம்?’ என்று கேட்ட இடத்தை வளர்த்துக்கொள். கைப்பேசியைப் பார்த்தானா, அந்த இடத்தை வெட்டு.

தோட்டத்து அண்ணன்: லயத்து வரிசை வீடுகளின் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினோம். பதிலே இல்லை.

நீங்கள் காட்டிய நகலைப் பார்த்தேன், அண்ணே. பாதித் தாள் வணக்கத்திலேயே போய்விட்டது. எந்த நாளிலிருந்து, எத்தனை வீடுகளுக்கு, என்ன செய்து தர வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே போடுங்கள். கீழே கைப்பேசி எண்ணும் வேண்டும். அது அந்தக் கடிதத்தில் இல்லவே இல்லை.