கல்லில் இருந்த வாளா, ஏரியில் வந்த வாளா?

மகளுக்கு வாசித்த ஒரு புத்தகத்தில் பிரிட்டன் கதைகளில் வரும் மன்னன் ஆர்தர் வாளைக் கல்லிலிருந்து உருவுகிறான், இன்னொன்றில் ஏரியிலிருந்து பெறுகிறான், எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். அவை இரண்டு வாள்கள்!

ஆங்கில எழுத்தாளர் மாலரி ஆர்தர் கதைகளைத் தொகுத்து எழுதி, 1485இல் காக்ஸ்டன் என்பவர் அச்சிட்ட நூலில், கல்லில் உருவிய வாள் பெல்லினோர் மன்னனோடு மோதும்போது முறிந்துவிடும். அப்புறம்தான் மந்திரவாதி மெர்லின் ஆர்தரை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகிறார். நடு ஏரியில் வெண்பட்டு அணிந்த கை ஒன்று வாளைத் தூக்கிப் பிடித்திருக்கும். அதுதான் எக்ஸ்காலிபர். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்பே ஓரிடத்தில் முதல் வாளையும் மாலரி அதே பெயரில் சொல்லிவிடுகிறார். ஆக, குழம்பியது நீங்கள் மட்டுமல்ல.

மாலரிக்கு வெகு முன்பே, 1130களில் ஜெஃப்ரி ஆஃப் மன்மத் என்பவர் எழுதிய ஆர்தர் கதையில் கல்லும் கிடையாது, ஏரியும் கிடையாது. அவலோன் தீவில் அடித்த வாள், பெயர் காலிபர்ன், அவ்வளவுதான். கல்லைக் கொண்டுவந்தவர் 1200 வாக்கில் எழுதிய பிரெஞ்சுக் கவிஞர் ராபர்ட் டி போரோன். அதிலும் வாள் செருகியிருந்தது கல்மேல் இருந்த கொல்லன் பட்டடையில்!

மகளுக்கு அடுத்து ஆர்தரின் வீரன் பெடிவேர் வரும் கட்டத்தை வாசியுங்கள். சாகக் கிடக்கும் ஆர்தர் வாளைத் தண்ணீரில் எறியச் சொல்ல, பெடிவேர் மனசு வராமல் இருமுறை ஒளித்துவைத்துவிட்டுப் பொய் சொல்வான். குழந்தைகளுக்கு அது உடனே புரியும்.